வேலை முடிந்த பிறகே ரீல்ஸ்: போன் செயலிகளுக்குப் பூட்டுப் போடும் முறை

காலை ஆறு மணி அலாரத்தை அணைக்கப் போனை எடுக்கிறோம். அலாரம் நின்ற மறு நொடி கட்டைவிரல் தானாக இன்ஸ்டாகிராம் இருக்கும் மூலைக்குப் போய்விடுகிறது. தலை நிமிர்ந்து பார்த்தால் மணி ஆறே முக்கால். தெருக் குழாயில் தண்ணீர் வந்து நின்றே போயிருக்கும். சேலத்தில் தண்ணீர் விடும் நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இதற்குப் போனிலேயே பூட்டுப் போடலாம். பூட்டில் இரண்டு வகை உண்டு. 'ஒரு நாளைக்கு 30 நிமிடம்தான்' என்று அளந்து கொடுப்பது நேரப் பூட்டு. 'இன்றைய வேலைகள் முடியும் வரை திறக்காது, முடிந்தால் திறக்கும்' என்பது வேலைப் பூட்டு. முதல் வகை பல போன்களில் வாங்கும்போதே இருக்கிறது, பலரும் போட்டுப் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த 30 நிமிடத்தையும் படுக்கையில் இருந்தபடியே காலையில் தின்றுவிடலாம். நேரம் குறையும், ஆனால் வேலை தொடாமலே கிடக்கும். வேலைப் பூட்டு எத்தனை நிமிடம் பார்க்கிறோம் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையைத்தான் மாற்றுகிறது.

'வீட்டுப்பாடத்தை முடிச்சுட்டு விளையாடப் போ' என்று பாட்டி சொன்னது இதே விதிதான். உளவியலில் இதை டேவிட் பிரீமாக் என்ற அமெரிக்கர் 1959-இல் சோதித்துக் காட்டினார். முதல் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மிட்டாயும் பின்பால் விளையாட்டு எந்திரமும் வைத்தார். யாருக்கு எதில் ஆசை அதிகம் என்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு விளையாட்டுப் பிரியர்களிடம், மிட்டாய் தின்றால்தான் விளையாடலாம் என்ற நிபந்தனை போட்டார். அவர்கள் வழக்கத்தைவிட அதிகம் மிட்டாய் தின்றார்கள். மிட்டாய்ப் பிரியர்களுக்கு நிபந்தனையைத் திருப்பிப் போட்டபோது அவர்கள் விளையாடுவது கூடியது. தானாகச் செய்யும் காரியத்தை, தள்ளிப்போடும் காரியத்துக்குப் பின்னால் கட்டி வைத்தால், தானாகச் செய்வது தள்ளிப்போடுவதையும் இழுத்துக்கொண்டு வரும். ரீல்ஸ் பார்க்கும் ஆசையை வேலைக்குக் கூலியாக மாற்றுவதுதான் இங்கே நடப்பது. அதனால் வேலை முடிந்த பின் குற்ற உணர்வில்லாமல் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கூலி கிடைக்காத வேலைக்கு மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

'பார்க்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொள்கிறேனே, பூட்டு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் நிறுத்த முடியாதபடிதான் அந்தத் திரை கட்டப்பட்டிருக்கிறது. முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்ற கணினித் திரை வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தவரும் அவர்தான். இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் கடைசியில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் விட்டார்கள். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. மேட்டூர் பஸ்ஸில் ஏறினால் மேட்டூரில் இறங்கித்தான் ஆக வேண்டும். ரீல்ஸில் இறங்கும் இடம் கிடையாது. அடுத்தது நன்றாக இருக்குமோ இருக்காதோ என்ற ஐயமே விரலைத் தள்ள வைக்கிறது. ஆகவே பூட்டை வாசலில் போட வேண்டும், நடு வீட்டில் போட்டுப் பயனில்லை.

வேலை முடிந்தது என்று போனுக்கு எப்படித் தெரியும்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் யோசிக்காமல் விடும் கேள்வி இதுதான். செயலியின் பெயரை விட இதற்கான பதில் முக்கியம். வழிகள் நான்கு.

எளிதானது, நாமே 'முடிந்தது' என்று டிக் அடிப்பது. பொய் டிக் அடிக்க ஒரு நொடி போதும். இருந்தாலும் முதல் வாரத்துக்கு இது போதுமானது. பூட்டிய திரையைப் பார்த்ததும் 'ஓ, அந்த வேலை இருக்கிறதே' என்று ஞாபகம் வருவதே பாதி பலன்.

இரண்டாவது, போனே எண்ணிக்கொள்வது. நடந்த அடிகள், கவனத்துக்கான டைமர் ஓடிய நிமிடங்கள், முடித்த பாடங்கள் போன்றவை. உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் பொருந்தும். தறி ஓட்டுவதையும் துணி துவைப்பதையும் போனால் எண்ண முடியாது.

மூன்றாவது, வேலை முடிந்ததற்குப் படம் எடுத்துக் காட்டுவது. சில செயலிகள் படத்தை இணையம் வழியாக அனுப்பிச் சரிபார்க்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். மலைப்பாதையிலும் எஸ்டேட் பக்கங்களிலும் சிக்னல் வந்து வந்து போகும். வேலை முடிந்தும் படம் ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்தால் எரிச்சலில் செயலியையே நீக்கிவிடுவீர்கள்.

நான்காவது, சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது. அக்காவோ, அறைத் தோழரோ, கூடப் படிப்பவரோ ரகசிய எண்ணை வைத்திருப்பார். 'அக்கா, மூணும் முடிச்சாச்சு' என்று நோட்டைக் காட்டினால் அவர் திறந்துவிடுவார். எல்லாவற்றிலும் வலுவானது இதுதான், செலவும் இல்லை. ஒரே எச்சரிக்கை: கேட்டவுடன் இரக்கப்பட்டுத் திறந்துவிடுபவரையும், ஒவ்வொரு தடவையும் அறிவுரை சொல்பவரையும் சாவிக்காரராக்காதீர்கள். முதலாமவரிடம் பூட்டு நிற்காது, இரண்டாமவரிடம் உறவு நிற்காது.

வேலையை எழுதும் விதம்

பூட்டு நன்றாக இருந்தும் திட்டம் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், வேலைப் பட்டியலில் எழுதிய வாசகம். 'படிக்கணும்' என்பது வேலை ஆகாது. எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் படித்தாலும் முடியவில்லை என்று தோன்றும், எட்டு நிமிடம் படித்தாலும் முடிந்தது என்று சொல்லலாம். வேலையில் ஒரு எண்ணும், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு முடிவும் இருக்க வேண்டும்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்தத் தேர்வில் மொத்தம் 200 கேள்விகள். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. அவர் முதல் நாள் நோட்டில் எழுதுவது இப்படி இருக்கும்: 'தமிழ் படிக்க, கணக்குப் போட, ஜிகே.' இதையே மாற்றி எழுதினால்:

ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு இயல் படித்து, 20 கேள்வி நானே எழுதி வைக்க வேண்டும்.

திறனறிவுக் கணக்கு 25, கடிகாரம் வைத்து, விடை சரிபார்த்து, தப்பானதைச் சிவப்பில் வட்டமிட வேண்டும்.

நேற்றைய தப்புகளை மறுபடி ஒரு தடவை போட வேண்டும்.

மூன்றையும் நோட்டில் விரல் வைத்துக் காட்டலாம். சாவிக்காரருக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணிக்கை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டு என்றால் இன்னும் நல்லது. ஆர்வத்தில் பத்து வேலை எழுதினால் இரவு பத்து மணிக்கு ஏழு முடிந்து, மூன்று மிச்சமிருக்கும். நாள் முழுக்க உழைத்தும் கூலி இல்லாமல் படுக்கப் போவீர்கள். இரண்டாம் நாளும் அப்படியே ஆனால் மூன்றாம் நாள் பூட்டு இருக்காது. நன்றாக நடக்கும் நாளில் என்ன முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். தலைவலி உள்ள நாளிலும் முடியக்கூடியது எதுவோ அதுதான் சரியான அளவு.

வேலை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 'ஆபீஸில் கையெழுத்து வாங்க வேண்டும்' என்பது அடுத்தவர் கையில் இருக்கிறது. அதிகாரி வரவில்லை என்றால் உங்கள் போன் பூட்டியே கிடக்கும். 'பதினோரு மணிக்குள் மனுவோடு ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்' என்று எழுதினால் அது உங்கள் வேலை.

இயல்பாகவே கெடு உள்ள வேலைகளுக்கு வேலைப் பூட்டு மிகவும் பொருந்தும். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், பறித்த பழத்தை அன்றே எந்திரத்தில் போட்டுத் தோல் உரித்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் குவியலிலேயே புளித்து, கொட்டையில் கெட்ட வாடை ஏறிவிடும். களத்தில் காயும் கொட்டையையும் சீராகக் கிளறிவிட வேண்டும். இங்கே 'இன்றைய பழம் முழுவதும் உரித்து, எந்திரத்தைக் கழுவியாச்சு' என்பது கச்சிதமான வேலை வாசகம். தொட்டி நிறைந்திருக்கிறதா, எந்திரம் ஈரமாக இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசியில் 'கழுவியாச்சு' என்று சேர்த்ததைக் கவனியுங்கள். வேலையின் வால்தான் எப்போதும் விடுபடும். வாலோடு சேர்த்து எழுதினால்தான் முழு வேலை.

போனில் அமைப்பது

முதல் நாள் எதையும் பூட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'டிஜிட்டல் வெல்பீயிங்' திறந்தால், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், போனை எத்தனை தடவை திறந்தீர்கள், எத்தனை அறிவிப்பு வந்தது எல்லாம் இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறது. ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. அதில் போனைக் கையில் எடுத்ததும் முதலில் திறந்த செயலி எது என்றும் காட்டும். பூட்ட வேண்டியது அதைத்தான். மொத்த நேரம் அதிகமாகக் காட்டும் செயலி சில சமயம் வழி காட்டும் மேப்பாக இருக்கும், அது குற்றவாளி இல்லை.

ஆண்ட்ராய்டில் தனிச் செயலி எதுவும் போடாமலே ஆரம்பிக்கலாம். டிஜிட்டல் வெல்பீயிங்கில் 'ஃபோகஸ் மோட்' இருக்கிறது. கவனம் கெடுக்கும் செயலிகளை அதில் டிக் செய்து, காலை 5:30 முதல் இரவு 10 வரை என்று அட்டவணை போடுங்கள். அந்த நேரத்தில் அவற்றின் படங்கள் சாம்பல் நிறமாகிவிடும், தொட்டால் திறக்காது, அவற்றின் அறிவிப்பும் வராது. வேலை முடிந்ததும் அன்றைக்கு மட்டும் அணைத்துவிடலாம். மறுநாள் அட்டவணைப்படி தானாகவே திரும்பி வரும். வேலைப் பூட்டுக்குக் கிட்டத்தட்ட இதுவே போதும். பலவீனம் என்னவென்றால், வேலை முடியாமலும் அணைத்துவிடலாம். 5, 15, 30 நிமிட இடைவேளை எடுக்கும் பொத்தானும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பொத்தானை ஒரு வாரத்தில் எத்தனை தடவை தொட்டீர்கள் என்று எண்ணுங்கள். ஏழு தடவைக்கு மேல் போனால் உங்களுக்குக் கொஞ்சம் கடுமையான பூட்டு தேவை.

ஐபோனில் ஸ்கிரீன் டைமில் 'டவுன்டைம்' போட்டு நாள் முழுவதையும் அடைத்துவிட்டு, தேவையான செயலிகளை மட்டும் 'ஆல்வேஸ் அலவ்டு' பட்டியலில் சேர்க்க வேண்டும். ரகசிய எண்ணைச் சாவிக்காரர் தட்டட்டும், நீங்கள் திரும்பி நில்லுங்கள். எண் மறந்தால் மீட்க ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே உங்கள் கணக்கைக் கொடுத்தால் நாளைக்கு நீங்களே மீட்டுவிடுவீர்கள். எண் போட்ட பிறகு, டவுன்டைமில் முழுதாக அடைக்கும் 'பிளாக் அட் டவுன்டைம்' விருப்பத்தை இயக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் 'இக்னோர்' என்ற ஒரு பொத்தானில் எல்லாம் போச்சு. வேலை முடிந்தபின் சாவிக்காரர் எண்ணைத் தட்டி 15 நிமிடம், ஒரு மணி நேரம், அல்லது அன்று முழுவதும் என்று திறந்துவிடலாம்.

பிள்ளைகளின் ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' உண்டு. தினசரி அளவைச் சிறிதாக வைத்து, வேலை முடிந்ததும் உங்கள் போனிலிருந்தே கூடுதல் நேரம் கொடுக்கலாம். எத்தனை நிமிடம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அப்பாவின் மனநிலையைப் பொறுத்து நிமிடம் கூடிக் குறைந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது வேலையை முடிக்க அல்ல, கெஞ்ச.

ஆண்ட்ராய்டில் கடுமையான பூட்டு வேண்டுமென்றால் 'ஆப் பிளாக்' (AppBlock), 'ஸ்டே ஃபோகஸ்டு' போன்ற செயலிகளில் 'ஸ்ட்ரிக்ட் மோட்' இருக்கிறது. இயக்கிவிட்டால் குறித்த நேரம் வரை உங்களாலேயே மாற்ற முடியாது. இவை வேலை செய்ய மூன்று அனுமதி கேட்கலாம்: எந்தச் செயலி திறந்திருக்கிறது என்று பார்க்க ஒன்று, அதன்மேல் தன் திரையைப் போர்த்த ஒன்று, பிறகு 'ஆக்சசிபிலிட்டி'. இந்த மூன்றாவதைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த அனுமதி பெற்ற செயலி உங்கள் திரையில் இருப்பதை எல்லாம் படிக்க முடியும். பிளே ஸ்டோரில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்புக்கு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அதைக் கொடுக்கவே கூடாது. பணம் திருடும் செயலிகள் கேட்பதும் அதே அனுமதியைத்தான். சில வங்கிச் செயலிகள் அந்த அனுமதி திறந்திருப்பதைப் பார்த்து எச்சரிக்கை காட்டவும் செய்யும்.

எதைப் பூட்டக் கூடாது

அழைப்பு, எஸ்எம்எஸ், பணம் அனுப்பும் செயலி, மேப், 108-க்குப் பேசும் வழி. இவை எந்த நாளும் திறந்தே இருக்கட்டும். சேலம் ஐந்து ரோடு பகுதிக் கடையில் பில் போட்டுவிட்டு ஜிபே திறக்காமல் நின்றால், அன்றோடு பூட்டை வெறுத்துவிடுவீர்கள்.

வாட்ஸ்அப்தான் சிக்கல். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு வெள்ளி விலையும் ஆர்டரும் அதில்தான் வரும். பள்ளிக்கூடச் செய்தியும் அதில்தான். பூட்டினால் பிழைப்பு நின்றுவிடும். அவர் செய்ய வேண்டியது, குழுக்களை ஆர்க்கைவ் செய்து ஒலியை அடக்கி, ஆர்டர் தரும் ஆட்களை மட்டும் மேலே பின் செய்து வைப்பது. ஸ்டேட்டஸில் வரிசையாக விழும் ஆட்களை மியூட் செய்துவிடலாம். இன்ஸ்டாகிராமிலும் கொலுசுப் படம் போட்டு விற்பவர் என்றால், படம் போடும் வேலையைக் கம்ப்யூட்டரில் ஒரு குறித்த நேரத்தில் வைத்துக்கொண்டு, போனில் உள்ளதைப் பூட்டலாம்.

யூடியூப் படிப்புக்கு வேண்டும். அதை முழுதாகப் பூட்டாமல், பார்த்த வரலாற்றை அழித்து, வரலாறு பதிவதையும் நிறுத்திவிடுங்கள். முகப்புப் பக்கம் பரிந்துரை எதுவும் இல்லாமல் வெறுமையாகிவிடும். தேடினால் மட்டும் வீடியோ வரும். பாடம் தேடி வந்தவர் பாடத்தோடு போகலாம்.

எங்கே கோளாறு வரும்

பூட்டு திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். பேட்டரி மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் செயலிகளைப் போனே கொன்றுவிடும். பூட்டுச் செயலியும் அதில் செத்துப்போகும். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றி, 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் அதையும் இயக்குங்கள். 'நேற்று வரை நன்றாக இருந்தது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே மருந்து.

செயலியைப் பூட்டிவிட்டு குரோமை விட்டுவிடுவது இன்னொன்று. இன்ஸ்டாகிராமின் இணையதளம் அங்கே தாராளமாகத் திறக்கும். தளத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஒரே செயலியின் இரண்டாவது நகலைப் போனில் வைத்திருந்தால் அதையும் ஒரு தடவை திறந்து சோதியுங்கள்.

கடுமையான பூட்டு போட்டு மாட்டிக்கொண்டு, உண்மையிலேயே அவசரம் என்றால், ஆண்ட்ராய்டில் 'சேஃப் மோட்' இருக்கிறது. அதில் நாம் பதிவிறக்கிய எந்தச் செயலியும் ஓடாது, பூட்டும் ஓடாது. அங்கே போய்ப் பூட்டை நீக்கலாம். அதில் இறங்குவதற்குள் போனை அணைத்து ஏற்ற வேண்டியிருக்கும், அந்தத் தாமதத்திலேயே பாதி அவசரங்கள் ஆறிவிடும்.

பொய் டிக் அடித்துவிட்டீர்கள் என்றால் பூட்டைக் கடுமையாக்க ஓடாதீர்கள். அந்த வேலையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பெரிதாக இருக்கும், அல்லது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கும். 'ரெக்கார்ட் நோட் முடிக்கணும்' என்பதை 'மூன்றாவது சோதனைக்குப் படம் வரைந்து பெயர் குறிக்க வேண்டும்' என்று சுருக்கினால் பொய் தேவைப்படாது.

நல்ல நாள், திருவிழா வரும்போது பலரும் பூட்டை அணைத்துவிட்டு, பிறகு திரும்பப் போடுவதே இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும் வாரத்தில், அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை பார்க்க ஊரே தெருவில் நிற்கும்போது, மூன்று வேலை முடியாது. அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை போதும், பத்து நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும். பூட்டு மட்டும் தினமும் காலையில் விழ வேண்டும். பண்டிகை முடிந்த திங்கட்கிழமை பழைய பட்டியலை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.